கம்பெனி வேனில் போன தாள்

தங்கத்தாய் சிஸ்டருக்கு வாய் ஓயாது. ஊசி போடும்போதும் பேசுவாள், கட்டுப் பிரிக்கும்போதும் பேசுவாள், மயக்கத்தில் கிடக்கும் நோயாளியிடமும் வீட்டு நடப்பெல்லாம் விசாரிப்பாள். "மயக்கத்துல இருக்கிறவுகளுக்குத்தான் நல்லாக் காது கேக்கும்" என்பது அவள் கட்சி. சிவகாசியில் இருபது படுக்கை கொண்ட அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் மேல்மாடி வார்டு இருபத்திரண்டு வருஷமாக அவள் ராஜ்யம். பெரிய டாக்டரே படியேறும்போது தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஏறுவார் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. அவருக்கு இளைப்பு இருந்தது, அவ்வளவுதான்.

சொந்த ஊர் ஆலங்குளம். அப்பா சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக் கல் உடைத்தார். பத்தாவது முடிந்ததும் தெருப் பெண்களெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏற, இவள் மட்டும் அடம்பிடித்து மதுரைக்கு பஸ் ஏறினாள். நர்ஸ் படிப்பில் முதல் நாள் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தாள். இரண்டாம் நாள், மயங்கி விழுந்த இன்னொருத்தியைத் தூக்கி உட்காரவைத்து, "இதுக்கெல்லாமா விழுவாக?" என்று கேட்டாள். கல்யாணமான பிறகு சிவகாசி. புருஷன் ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டினார். இவள் பேச்சுக்கு ஈடு கொடுக்க முடியாமல் அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார், பாவம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் டிபன் கேரியரை தினமும் அவரேதான் கட்டிக்கொடுப்பார்.

வாயைப் போலவே தங்கத்தாயின் பேனாவும் ஓயாது. ஆமத்தூர் தாண்டி ஒரு அறக்கட்டளைக்காரர்கள் பராமரிப்பு இல்லம் ஒன்று தொடங்கியிருந்தார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே அனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஆளை அனுப்பும் முன் அவர் நிலைமையை எழுதி ஒரு தாள் அனுப்ப வேண்டும். நடப்பாரா, தானாகச் சாப்பிடுவாரா, சிறுநீர் கட்டுப்பாடு உண்டா, நினைவு தெளிவா என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். கடைசியில் இரண்டே வரிக்கு இடம் விட்டு 'பிற குறிப்புகள்' என்று போட்டிருப்பார்கள். மற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் அதில் ஒரு கோடு கிழித்து அனுப்பிவிடுவார்கள். தங்கத்தாய் தாளைத் திருப்பிப் பின்பக்கம் முழுக்க எழுதுவாள். 'இடது கையைத் தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடவும், பயப்படுவார்.' 'ரசம் சாதம் என்றால் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார்.' 'இரண்டாவது மகனைப் பற்றிக் கேட்க வேண்டாம், மூன்று நாள் தூங்க மாட்டார்.' அந்தத் தாளைப் படித்தால் ஆளைப் பத்து வருஷம் பழகியது போலிருக்கும். இல்லத்துப் பொறுப்பாளர் சுப்புலட்சுமி இதைப் பெரிய டாக்டரிடமே பாராட்டிச் சொல்லியிருக்கிறார். அன்று முழுக்க தங்கத்தாயின் கால் தரையில் பாவவில்லை.

அந்தத் தாளின் அடியில் உறவினர் கையெழுத்துக்கு ஒரு கோடு, நர்ஸ் கையெழுத்துக்கு ஒரு கோடு. நோயாளி கையெழுத்துப் போட இடமே கிடையாது. அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை, தங்கத்தாய் உட்பட.

தாள் போகும் வழிதான் வேடிக்கை. இல்லத்தில் பேக்ஸ் இல்லை. தபாலில் போட்டால் இரண்டு நாள். ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வழியாக ஆமத்தூர்ப் பக்கம் போகும். இந்தப் பக்கத்தில் கம்பெனி வேன் ஏற்றாத பொருள் உண்டா? மறந்து வைத்த டிபன் கேரியர், மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, ஒருதரம் உயிருள்ள சேவல், எல்லாம் அதில் போகும். தங்கத்தாய் தாளை நாலாக மடித்து டிரைவர் சோணைமுத்துவின் சட்டைப் பையில் செருகிவிடுவாள். ஆறு வருஷமாக ஒரு தாள்கூடத் தவறியதில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆவணி மாதம், தீபாவளிச் சீசன் சூடு பிடித்த நேரத்தில், பொன்னுத்தங்கம் அம்மாள் வந்து சேர்ந்தார். வயது எழுபத்தொன்று. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து கம்பி வைத்திருந்தார்கள். கணவர் இருந்தவரை சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி நடத்திய குடும்பம். கணவருக்குப் பிறகு கம்பெனி கைமாறிவிட்டது, மகன் ராஜபாண்டியன் சென்னையில். ஆனாலும் ஊரில் அவருக்கு இன்னும் 'மொதலாளியம்மா' என்றுதான் பேர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாலும் தலை வாரி, பொட்டு வைக்காத நெற்றியில் திருநீறு இட்டு, போர்வை மடிப்புக் கலையாமல்தான் இருப்பார். தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்க மாட்டார். டம்ளரைப் பார்ப்பார். நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

தங்கத்தாய்க்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் பேச மாட்டார், இவள் நிறுத்த மாட்டாள், அதனால் இருவருக்கும் நன்றாகப் பொருந்தியது. மூன்று வாரத்தில் மருமகள் போனில்கூடப் பேசுவதில்லை என்ற வருத்தம் வரை அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. எலும்பு கூடிக்கொண்டு வந்தது. ஒன்று மட்டும் தங்கத்தாயின் மனசை உறுத்தியது. சிறுநீர் டியூபை எடுத்த பிறகு, காலையில் அவள் டியூட்டிக்கு வரும்போது பெரும்பாலும் மெத்தை நனைந்திருக்கும். பொன்னுத்தங்கம் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். தங்கத்தாய் அதைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டாள். சத்தமில்லாமல் விரிப்பை மாற்றுவாள், அவ்வளவு நாசூக்கு அவளுக்கும் தெரியும். வயதானால் கட்டுப்பாடு போவது இயற்கைதானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை ராஜபாண்டியன் வந்தார். ஆமத்தூர் இல்லத்தில் இடம் இருக்கிறது, அம்மா நடக்கும்வரை அங்கே இருக்கட்டும் என்று முடிவு செய்து, உறவினர் கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினார். பொன்னுத்தங்கம் அம்மாள் "சரி" என்றார். தங்கத்தாய் ஆசையாசையாக உட்கார்ந்து தாளை எழுதினாள். சிறுநீர் கட்டுப்பாடு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, பின்பக்கம் திருப்பினாள். 'இரவில் படுக்கை நனையும். சொல்லிக்காட்ட வேண்டாம். காலையில் தலை வாரிவிட்டால் முகம் தெளியும். மருமகளைப் பற்றிக் கேட்க வேண்டாம், அழுவார்.' திங்கட்கிழமை ஐந்தரைக்குத் தாள் சோணைமுத்துவின் பைக்குப் போயிற்று.

புதன்கிழமை சாயங்காலம் வேன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. ஏழெட்டுப் பெண்கள் இறங்கி, சாத்துக்குடிப் பையோடு மாடிக்கு வந்தார்கள். எல்லாரும் ஒருகாலத்தில் மொதலாளியம்மா கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். முன்னால் வந்தவள் மாரிசெல்வி. நல்ல மனசுக்காரி, மறைத்துப் பேசத் தெரியாதவள்.

"மொதலாளியம்மா, எப்படி இருக்கீக? வேன்ல அம்புட்டுப் பேருக்கும் உங்க நெனப்புதான்" என்றபடி ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே மடிப்புக் கலையாத புது ரப்பர் ஷீட். "எல்லாரும் சேந்து வாங்குனோம். எங்க அத்தைக்கும் இப்படித்தான், படுக்கையிலயே போயிரும். இதை விரிச்சுட்டா மெத்தை நனையாது. வெக்கப்படாதீக, எல்லாருக்கும் வர்றதுதான்."

பொன்னுத்தங்கம் அம்மாள் அந்த ஷீட்டைப் பார்த்தார். "யாரு சொன்னா?" என்று கேட்டார், மெதுவாக.

"சிஸ்டர்தான் தாள்ல எழுதியிருந்தாகளே. நான்தான் வாசிச்சேன்." மாரிசெல்விக்குத் திக்காமல் வாசிக்க வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. "உங்க மருமகளைப் பத்தி நாங்க வாயே தொறக்க மாட்டோம்மா. அழுவீகன்னு போட்டிருந்துச்சு."

பக்கத்துக் கட்டிலுக்கு டிரிப்ஸ் மாட்டிக்கொண்டிருந்த தங்கத்தாய்க்குக் கை அப்படியே நின்றுவிட்டது. பொன்னுத்தங்கம் அம்மாள் மட்டும் நிதானம் தவறவில்லை. வந்தவர்களின் பிள்ளைகளைப் பேர் சொல்லி விசாரித்தார். சாத்துக்குடியை உரித்து அவர்களையே சாப்பிடச் சொன்னார். வேன் ஹாரன் அடித்து அவர்கள் படியிறங்கிய பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மா..." என்று தங்கத்தாய் அருகில் போனாள்.

"திரைய இழுத்து விட்டுட்டு நீ போ."

அன்று இரவுச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் காலைச் சாப்பாடும் திரும்பி வந்தது. மகன் போனில் கூப்பிட்டபோது, "நான் எங்கயும் போகல. என்னய எங்க வீட்டுல கொண்டுபோய்ப் போட்டிருங்க" என்றார். பூட்டிக் கிடந்த அந்தப் பெரிய வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது. மகன் தங்கத்தாயைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். இல்லத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைதான் இடத்தைப் பிடித்து வைப்பார்களாம், அதற்கு மேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். கையெழுத்துப் போட்டது நான்தானே, அம்மாவிடம் எதற்கு இதையெல்லாம் பேசினீர்கள் என்று கேட்டார்.

மகனிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கோபத்தையெல்லாம் தங்கத்தாய் சாயங்காலம் வேனில் கொண்டுபோய்க் கொட்டினாள். "ஏலே சோணைமுத்து! உன்னைய நம்பித்தானே குடுத்தேன்? அடுத்தவுக தாளை எடுத்து வாசிக்கலாமா?"

சோணைமுத்து உண்மையிலேயே திகைத்துப்போனார். "என்ன சிஸ்டர் இப்படிக் கேக்கீக? ஆறு வருசமா எல்லாத் தாளையும் வாசிச்சுட்டுத்தானே கொண்டுபோய்க் குடுக்கோம். நீங்க எம்புட்டு நல்லா எழுதுவீகன்னு வேன்ல அம்புட்டுப் பொம்பளைகளும் காத்துக்கிட்டு இருப்பாகளே. உங்களுக்குத் தெரியாதா?"

வேனுக்குள் இருந்த முகங்களில் கேலியே இல்லை. எல்லாம் இவள்மேல் பிரியம் கொண்ட முகங்கள். அதுதான் தங்கத்தாயைச் சுட்டது. இரண்டாவது மகனை நினைத்துத் தூங்காதவர், ரசம் சாதக்காரர், தொட்டால் பயந்தவர் என்று ஆறு வருஷத்து ஆட்கள் அத்தனை பேரும் இந்த வேனில் ஏறி, ஆமத்தூர் வரை எல்லார் மடியிலும் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். ஏற்றிவிட்டவள் இவள். திட்ட வந்தவள் திரும்பி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை லீவு போட்டுவிட்டு ஆமத்தூர் பஸ் ஏறினாள். இல்லத்தில் சுப்புலட்சுமி காபி கொடுத்து உட்காரவைத்தார். தங்கத்தாய் தாளைத் திருப்பிக் கேட்டாள்.

"எடுத்துக்கங்க சிஸ்டர். ஆனா தாள் இல்லாம ஆளை எடுக்க முடியாது. போன வருசம் ஒருத்தரை ஒண்ணும் தெரியாம எடுத்து, சர்க்கரைக்காரருக்கு நாங்களே பாயாசம் ஊட்டிட்டோம். அவரைப் பொழைக்க வைக்கிறதுக்குள்ள எங்க உசுரு போயிருச்சு. எங்களுக்குத் தெரியணும்ல? புதுசா எழுதிக் குடுங்க, மகன் கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கலாம்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? தங்கத்தாய் தாளைக் கையில் வாங்கிப் பிரித்தாள். ஓரமெல்லாம் வெள்ளி வெள்ளியாக விரல் ரேகைகள். எத்தனை சோப்புப் போட்டாலும் பட்டாசு வேலைக்காரிகளின் நகக்கண்ணில் மிஞ்சும் அலுமினியப் பொடி. எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. 'படுக்கை நனையும்' என்ற வரிக்குக் கீழே, வாசிக்கும்போது விரல் வைத்துக் கொண்டுபோன தடம் நீளமாகத் தெரிந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, யூனிபாரம் போடாமல் சேலையோடேயே மாடிக்குப் போனாள். திரையை விலக்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பொன்னுத்தங்கம் அம்மாள் திரும்பவில்லை.

"அம்மா, தப்பு என்மேலதான். உங்களைக் கேக்காம எழுதினேன். மூடாமக் குடுத்துவிட்டேன். அவுகளைக் கோவிக்காதீக, என்னைய நாலு அறை அறைங்க."

பொன்னுத்தங்கம் அம்மாள் சுவரைப் பார்த்தபடியே பேசினார். "போறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல தங்கத்தாயி. ஆனா எனக்கு முன்னாடியே என் மானம் போய் அங்கன எறங்கிருச்சே. எங்கிட்ட சம்பளம் வாங்குன பிள்ளைக எனக்கு ரப்பர் ஷீட்டு வாங்கிட்டு வருதுக. நல்ல பிள்ளைக. அதான் தாங்க முடியல."

தங்கத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழைய தாளை அவர் கண்ணெதிரே கிழித்தாள். கைப்பையிலிருந்து புதுத் தாளை எடுத்தாள். "இப்ப ஒவ்வொண்ணா உங்களைக் கேக்கேன். எழுதுன்னு சொன்னா எழுதுறேன். வேண்டாம்னா விட்டுருதேன். எழுதுனதைக் கவர்ல போட்டு ஒட்டி, ஆம்புலன்சுல உங்க மடியில வச்சுருவேன். அங்கன யாருகிட்டக் குடுக்கணுமோ நீங்களே குடுங்க."

பொன்னுத்தங்கம் அம்மாள் கையை ஊன்றி, தங்கத்தாய் தாங்கிப் பிடிக்க, இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். "கேளு" என்றார்.

நடப்பது, சாப்பாடு, மருந்து எல்லாம் கடகடவென்று போயிற்று. தலை வாரிவிடும் வரி இருக்கட்டும் என்றார். மருமகள் வரி வேண்டாம் என்றார். தங்கத்தாயே எதிர்பாராத ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். "என்னைய பாட்டின்னு கூப்பிடக் கூடாதுன்னு எழுது. பேரு சொல்லி அம்மான்னு கூப்பிடட்டும்." தங்கத்தாய் எழுதினாள். எழுதிவிட்டு, அடுத்த கட்டத்துக்கு வந்து பேனாவை நிறுத்தினாள்.

"இதை விட்டுருவோமாம்மா?"

"எது?"

"அந்த ஒண்ணுக்குச் சமாச்சாரம்."

"என்ன எழுதியிருந்த?"

"கட்டுப்பாடு இல்லைன்னு."

பொன்னுத்தங்கம் அம்மாள் அவளைக் கூர்ந்து பார்த்தார். மூன்று வாரத்தில் அப்படி ஒரு கோபத்தைத் தங்கத்தாய் அந்த முகத்தில் பார்த்ததில்லை.

"யாரு சொன்னா இல்லைன்னு? எனக்கு எல்லாம் தெரியும். ராத்திரி ரெண்டு தடவ முழிப்பு வரும். நர்சுப்பொண்ணு கீழ இருக்கும். மாடியில வார்டுபாய் செல்லப்பாண்டி மட்டுந்தான் இருப்பான். அவன் எங்க கம்பெனியில லோடு ஏத்துனவன். நல்லவந்தான், கூப்பிட்டா ஓடி வருவான். ஆனா ஒரு ஆம்பளையக் கூப்பிட்டு, பெட்பேன் கொண்டான்னு எப்படித்தா கேப்பேன்? விடியட்டும் விடியட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பேன். நாலு மணிக்கு மேல முடியாது. தெனமும் காலையில சத்தமில்லாம துணிய மாத்துனியே, ஒருநாளாவது ஏம்மா இப்படின்னு கேட்டிருக்கலாம்ல?"

தங்கத்தாய் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊரிலேயே அதிகம் பேசுகிறவள், கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அதைத்தான் நாசூக்கு என்று நினைத்திருந்தாள். சுப்புலட்சுமி மெச்சிய தாள், வேனே காத்திருந்து படித்த தாள், பொய் சொல்லியிருந்தது. இதுபோல் இன்னும் எத்தனை பேருக்கு 'இல்லை' என்று எழுதி அனுப்பியிருப்பாள்? தாளை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"அழுதது போதும். எழுது" என்றார் மொதலாளியம்மா.

'இருக்கிறது' என்று எழுதினாள். பின்பக்கம் திருப்பி, அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். 'இரவில் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஒரு பெண் வந்து கேட்க வேண்டும். தானாகக் கூப்பிட மாட்டார்.' எழுதியதை இரண்டுதரம் வாசித்துக் காட்டினாள். பொன்னுத்தங்கம் அம்மாள் தாளை வாங்கி, கோடு எதுவும் இல்லாத இடத்தில் முழுப்பெயரையும் போட்டார். தங்கத்தாய் தாளை உறையில் போட்டு ஒட்டி, அவர் கையிலேயே கொடுத்தாள்.

ஆம்புலன்ஸ் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சேலையை மாற்றிக்கொண்டு வரலாம் என்று தங்கத்தாய் எழுந்து திரைக்கு வெளியே காலை வைத்தாள்.

"தங்கத்தாயி" என்று உள்ளிருந்து குரல் வந்தது. வார்டில் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே வந்தது. "அந்தப் பெட்பேனை எடுத்துட்டு வாத்தா."

"இந்தா வந்துட்டேம்மா" என்று ஓடினாள் தங்கத்தாய்.